ஒரே கியர், இருநூறு சுற்று

பல்கலைக்கழக மாணவர்களுக்கென்றே உலக சைக்கிள் சாம்பியன்ஷிப் ஒன்று இருக்கிறது. பன்னாட்டுப் பல்கலைக்கழக விளையாட்டுக் கூட்டமைப்பு நடத்துவது. 2014இல் போலந்தின் மலையூரான யெலெனியா கூராவிலும், 2016இல் பிலிப்பைன்சில் எரிமலை ஏரியைப் பார்த்தபடி இருக்கும் தகாய்தாயிலும், 2018இல் போர்ச்சுகலின் பிராகாவிலும் நடந்தது. அங்கே போகிறவர்கள் தேர்ந்த பந்தய வீரர்கள். தங்கள் நாட்டின் பெயர் பொறித்த சட்டை, கார்பன் நார் சைக்கிள் என்று சகல ஏற்பாட்டோடும் வருவார்கள். அந்தப் போட்டியின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் மாணவர்கள் கையில் ஒரு சைக்கிள் பந்தயம் எப்படித் திருவிழாவாக வளர்கிறது என்று பார்க்கும் ஆசை இருப்பவர்கள் போகவேண்டிய இடம் வேறு. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் புளூமிங்டன் என்ற சிறு நகரம் அது. பந்தயத்தின் பெயர் லிட்டில் 500. ஒரே ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் மட்டும் ஓட்டுவது என்றாலும், வெளியூரிலும் வெளிநாட்டிலும் அதைப் பற்றித் தெரிந்தவர்கள் ஏராளம். காரணம் ஒரு சினிமா. அதற்குப் பிறகு வருகிறேன்.

நண்பரின் மகள் புளூமிங்டனில் முதுகலை படிக்கிறாள். ஏப்ரல் மாதத்தில் வரப்போகிறேன் என்றதும் அவளுக்குச் சிரிப்பு. "மாமா, அந்த வாரம் ஊர்ல ரூமே கிடைக்காது. கிடைச்சாலும் விலையைக் கேட்டா திரும்பிப் போயிடுவீங்க." அவள் சொன்னது சரிதான். ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரத்து மோட்டல் ஒன்றில்தான் இடம் கிடைத்தது.

இண்டியானாபொலிஸ் விமான நிலையத்திலிருந்து தெற்கே ஏறக்குறைய 80 கிலோமீட்டர். முதல் பாதி, தட்டில் பரப்பி வைத்தது போன்ற சமவெளி. மக்காச்சோளத்துக்கு உழுது போட்ட கருமண். பிறகு திடீரென்று நிலம் ஏறி இறங்கத் தொடங்குகிறது. பனியுகத்துப் பனியாறுகள் வடக்கிலிருந்து நிலத்தை இழைத்துக்கொண்டே வந்து இந்தப் பக்கத்தில் நின்றுவிட்டன. அவை தொடாத தென்பகுதியில் குன்றும் பள்ளமும் மிஞ்சின. அந்தக் குன்றுகளுக்கு அடியில்தான் ஊரின் வாழ்க்கையையே தீர்மானித்த சுண்ணாம்புக்கல் இருக்கிறது. 34 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே ஆழமில்லாத வெதுவெதுப்பான கடல் இருந்தது. அதில் வாழ்ந்த சிற்றுயிர்களின் ஓடுகள் படிந்து இறுகிய கல் இது. எந்தத் திசையில் அறுத்தாலும் ஒரே மாதிரி அறுபடும் என்பதால் கல்தச்சர்களுக்குச் செல்லம். நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடமும் வாஷிங்டன் பக்கத்துப் பென்டகனும் போர்த்தியிருப்பது இந்தக் கல்லைத்தான். 1820இல் தொடங்கிய இண்டியானா பல்கலைக்கழகமும் அப்படியே. கிர்க்வுட் தெருவின் கோடியில் இருக்கும் வளைவு வாசல் வழியே உள்ளே நுழைந்தால் சாம்பல் கலந்த வெண்மையில் கட்டடம் கட்டடமாக நிற்கிறது. கிட்டப் போய் உற்றுப் பார்த்தால் சுவரில் நகக்கண் அளவுக் கிளிஞ்சல்கள் தெரியும். ஏப்ரலில் இலை விடுவதற்கு முன்பே ரெட்பட் மரங்கள் மொட்டைக் கிளையெல்லாம் ஊதாச் சிவப்பில் பூத்துவிடுகின்றன. கல்லின் வெளுப்புக்கு அது நன்றாகத்தான் பொருந்துகிறது.

லிட்டில் 500 என்றால் எதை விடச் சிறியது என்று கேள்வி வரும். இண்டியானாபொலிசில் 1911 முதல் நடக்கும் கார் பந்தயம்தான் பெரியது. இரண்டரை மைல் வட்டத்தில் 200 சுற்று, மொத்தம் 500 மைல், 33 கார்கள். 1919இல் அதை வென்றவர் ஹவ்டி வில்காக்ஸ். நான்கு ஆண்டு கழித்து, 1923இல், பென்சில்வேனியாவின் அல்டூனாவில் நடந்த ஒரு கார் பந்தயத்திலேயே இறந்துபோனார். அப்பாவை நினைவில் வைத்திருக்கக்கூட வயது போதாத மகனுக்கும் அதே பெயர். அவர் வளர்ந்து இண்டியானா பல்கலைக்கழகத்தின் அறக்கட்டளைக்குப் பொறுப்பாளரானார். விடுதிக் கட்டடத்தைச் சுற்றிப் பையன்கள் சைக்கிளில் பந்தயம் விட்டுக்கொண்டிருந்ததைக் கண்டு அவருக்கு இந்த யோசனை தோன்றியது என்று சொல்கிறார்கள். 1951இல் முதல் பந்தயம். கார் பந்தயத்தின் கணக்கையே அப்படியே எடுத்துக்கொண்டார்: 33 அணிகள், வரிசைக்கு மூன்றாகப் பதினொரு வரிசை, 200 சுற்று. வட்டம் மட்டும் கால் மைல். ஆக 50 மைல், நம் கணக்கில் 80 கிலோமீட்டர். அப்பாவைக் கொன்ற விளையாட்டிலிருந்து எஞ்சினைக் கழற்றிவிட்டு மீதியை மகன் வைத்துக்கொண்டார் என்று எனக்குத் தோன்றியது. அவர் அப்படி நினைத்துச் செய்தாரா என்பது வேறு விஷயம். அவர் வெளிப்படையாகச் சொன்ன நோக்கம் ஒன்றுதான்: வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் மாணவர்களுக்கு உதவித்தொகை திரட்டுவது.

இனி சைக்கிள். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பந்தயத்தின் குணம் முழுக்க இதில்தான் இருக்கிறது. எல்லா அணிகளுக்கும் ஒரே வகைச் சைக்கிள். ஒரே ஒரு கியர்: பெடலோடு சேர்ந்த முன் பல்சக்கரத்தில் 46 பல், பின்னால் 18. கைப்பிடியில் பிரேக் கிடையாது. பெடலைப் பின்னோக்கி அழுத்தினால் பின்சக்கரத்தின் குடத்துக்குள் இருக்கும் பிரேக் பிடிக்கும். பெடலும் தட்டையானது. பந்தய வீரர்கள் ஷூவைப் பெடலில் பூட்டிக்கொள்வார்களே, அந்த வசதிக்கு இங்கே இடமில்லை. ஒரு சுற்றுப் பெடலுக்கு வண்டி ஐந்தரை மீட்டர் நகரும். ஆண்கள் பந்தயம் முடிய இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலே ஆகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒருவர் நிமிடத்துக்கு நூற்றுப்பத்து தடவைக்குமேல் மிதித்தாக வேண்டும், அதுவும் ஓயாமல். களைத்தால் சின்னக் கியருக்கு மாற முடியாது. வேகம் எடுக்கப் பெரிய கியரும் இல்லை. பணக்கார வீட்டுப் பையன் பத்தாயிரம் டாலர் சைக்கிள் வைத்திருந்தாலும் அதை விடுதி அறையில் பூட்டிவிட்டுத்தான் வர வேண்டும்.

தடம் பற்றியும் சொல்ல வேண்டும். தார் இல்லை, சிமென்ட் இல்லை. கரி எரிந்து மிஞ்சிய கசட்டை நொறுக்கிப் பரப்பி உருட்டியது. பழைய காலத்து ஓட்டப்பந்தயத் தடங்கள் இப்படித்தான் இருந்தன. வளைவில் சாய்ந்து திரும்பும்போது சக்கரம் நழுவும். விழுந்தால் தோலுக்குள் கரித்துகள் ஏறும். பல மாணவர்களின் முழங்கையில் நீலம்பாரித்த புள்ளிகளைப் பார்த்தேன். பச்சை குத்தியதோ என்று முதலில் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை பெண்கள் பந்தயம். 100 சுற்று, 40 கிலோமீட்டர். பில் ஆம்ஸ்ட்ராங் மைதானத்தின் கேலரியில் நல்ல கூட்டம். வெயிலும் குளிர்காற்றும் ஒன்றாக அடித்தன. இந்தப் பந்தயம் தொடங்கியது 1988இல்தான். அதற்கு முன் பெண்களுக்கு என்ன இருந்தது தெரியுமா? மூன்று சக்கர சைக்கிள். 1955 முதல் 'மினி 500' என்ற பெயரில் கல்லூரிப் பெண்களைக் குழந்தைகளின் மூன்று சக்கர வண்டியில் உட்காரவைத்து அரங்குக்குள் ஓடவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். 1987இல் காப்பா ஆல்பா தீட்டா என்ற மாணவியர் சங்கத்துப் பெண்கள் நால்வர் நேராக ஆண்கள் பந்தயத்தின் தகுதிச்சுற்றுக்கே வந்து நின்றார்கள். முதல் 33க்குள் வர முடியவில்லை. ஆனால் அவர்கள் வந்து நின்றதே போதுமானதாக இருந்தது. அடுத்த ஆண்டே பெண்களுக்குத் தனிப் பந்தயம் வந்துவிட்டது. அந்தச் சங்கத்து அணி பிறகு பலமுறை வென்றிருக்கிறது.

என் பக்கத்தில் ஒரு நடுத்தர வயது அம்மாள், மகளின் அணிக்காகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். மகள் பல்கலைக்கழகத்துக்கு வரும்வரை பந்தய சைக்கிளே ஓட்டியதில்லையாம். பதினெட்டு வயதில் ஆரம்பித்து, குளிர்காலம் முழுக்க அறைக்குள் நிறுத்தி வைத்த சைக்கிளை மிதித்து, மூன்றாம் ஆண்டில் இங்கே வந்திருக்கிறாள். ஒவ்வோர் அணியிலும் இப்படி ஒருவராவது இருப்பார்கள் என்றாள் நண்பரின் மகள். பிராகாவுக்கும் தகாய்தாய்க்கும் போகிறவர்களோடு இவர்களை ஒப்பிட முடியாது. ஒப்பிடவும் தேவையில்லை.

ஓட்டுகிறவர்கள் நான்கு பேர், அணிக்கு. யார் எத்தனை சுற்று என்பது அவர்கள் இஷ்டம். ஆனால் பெண்கள் பந்தயத்தில் ஐந்து முறையும் ஆண்கள் பந்தயத்தில் பத்து முறையும் ஆள் மாறியே ஆக வேண்டும். பந்தயத்தின் அழகும் ஆபத்தும் இந்த ஆள்மாற்றத்தில்தான் இருக்கின்றன. வருகிறவள் தன் அணியின் இடத்தை நெருங்கும்போதே பெடலைப் பின்னுக்கு அழுத்தி, ஒரு காலைச் சீட்டுக்கு மேலே வீசி, ஓடும் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களைப் போல வண்டியோடு சேர்ந்து ஓடியபடி இறங்குகிறாள். அடுத்தவள் பக்கவாட்டில் ஓடிவந்து கைப்பிடியைப் பற்றி, தாவி, சீட்டில் விழுந்து மிதிக்கிறாள். நன்றாக வந்தால் கண் சிமிட்டும் நேரம். கொஞ்சம் பிசகினால் இருவரும் வண்டியும் கரித்தரையில் கிடப்பார்கள். முன்னால் போகும் கூட்டம் கால் சுற்று தள்ளிப் போயிருக்கும். நான் பார்த்ததில் பாதி நேரம் தடத்தைவிட இந்த ஓரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தகுதிச்சுற்றிலும் சோதிப்பது இதைத்தான். நாலு சுற்று, ஆளுக்கு ஒன்று, நடுவில் மூன்று கைமாற்றம். கால் பலம் எவ்வளவு இருந்தாலும் இதில் தடுமாறுகிற அணி வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அந்த முன்கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சைக்கிள்காரருக்குப் பெரிய எதிரி காற்று. ஒருவர் முன்னால் காற்றைக் கிழித்துக்கொண்டு போனால் பின்சக்கரத்தை ஒட்டி வருகிறவருக்கு உழைப்பு வெகுவாகக் குறையும். ஆகவே போட்டியாளர்களே முறைபோட்டு முன்னால் வந்து காற்றை வாங்கிக்கொள்கிறார்கள். முறை வரும்போது நழுவிவிட்டு, கடைசிச் சுற்றில் மட்டும் பாய்கிறவர்களை மற்றவர்கள் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள். இதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எலினர் ஆஸ்ட்ரம் நினைவுக்கு வந்தார். பொருளாதாரத்தில் நோபல் பெற்ற முதல் பெண்; 2009இல் பெற்றார். 1965 முதல் இதே புளூமிங்டனில் வேலை பார்த்தவர். நேபாளத்துப் பாசன வாய்க்காலையும் சுவிட்சர்லாந்தின் மேய்ச்சல் மலைகளையும் காட்டி, பொதுச் சொத்தை ஊராரே விதி வகுத்துக் காத்துக்கொள்ள முடியும் என்று நிறுவியவர். யார் எப்போது மடை திறப்பது, ஏமாற்றுகிறவனை என்ன செய்வது என்பதெல்லாம் அவருடைய கேள்விகள். இருபது சைக்கிள்களுக்குப் பின்னால் உண்டாகும் காற்று மறைவும் ஒரு பொதுச் சொத்துதானே. அம்மையார் இந்தப் பந்தயத்தை அந்தக் கண்ணோடு பார்த்தாரா என்று தெரியாது. பார்த்திருந்தால் ஒரு கட்டுரைக்கு ஆகியிருக்கும்.

சனிக்கிழமை காலை, ஆண்கள் பந்தயத்துக்கு முன், தெற்கே ஊலிட்டிக் என்ற ஊர்ப்பக்கம் போனோம். ஊருக்கே அங்குள்ள கல்வகையின் பெயர். எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கான கல்லை வெட்டியெடுத்த குவாரி அங்கே இருக்கிறது. நேர்நேராக அறுத்த சுவர்களோடு, நியூயார்க் கட்டடத்தைக் குடைந்தெடுத்த மாதிரியான பள்ளம். அடியில் பச்சைத் தண்ணீர். 1931இல் திறந்த அந்தக் கட்டடத்தைப் பார்க்க ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் போகிறார்கள். பள்ளத்தைப் பார்க்க வந்தவர்கள் அன்று நாங்கள் மட்டும்.

நான் முதலில் சொன்ன சினிமா இங்கேதான் நுழைகிறது. 1979இல் வந்த 'பிரேக்கிங் அவே'. பீட்டர் யேட்ஸ் இயக்கியது. எழுதியவர் ஸ்டீவ் டெசிச். யுகோஸ்லாவியாவில் பிறந்து, பதினான்கு வயதில் இண்டியானாவின் இரும்பாலை ஊரான கிழக்கு சிகாகோவுக்கு வந்து சேர்ந்தவர். 1962இல் லிட்டில் 500 வென்ற ஃபை காப்பா சை அணியில் அவரும் இருந்தார். அந்த அணியின் நட்சத்திரம் டேவ் பிளேஸ்: 200 சுற்றில் 139 சுற்றை அவர் ஒருவரே ஓட்டினார். இத்தாலிய சைக்கிள் வீரர்கள் மேலும் இத்தாலியப் பாட்டின் மேலும் பித்துப் பிடித்தவர். டெசிச் அந்தப் பித்தை எடுத்துக் கதையில் ஒரு கல்லறுப்புத் தொழிலாளியின் மகனுக்குக் கொடுத்தார். வேலையில்லாத உள்ளூர்ப் பையன்கள் நால்வர், பல்கலைக்கழகத்துச் சீமான் வீட்டுப் பிள்ளைகளின் பந்தயத்தில் நுழைந்து 'கட்டர்ஸ்' என்ற பெயரோடு, கல் அறுப்பவர்கள் என்ற பொருளில், ஓட்டுகிறார்கள். டெசிச்சுக்குத் திரைக்கதைக்கான ஆஸ்கார் கிடைத்தது. நிஜமான பிளேஸ் படத்தில் பந்தய அறிவிப்பாளராக ஒரு சின்ன வேடத்தில் வருகிறார்.

படத்தின் பந்தயமும் சைக்கிளும் பலருக்கு நினைவிருக்கும். எனக்கு நினைவில் நிற்பது வேறு காட்சி. ஒரு காலத்தில் கல் அறுத்து, இப்போது பழைய கார் விற்கும் அப்பா, இரவில் மகனோடு பல்கலைக்கழகத்துக்குள் நடந்துவருகிறார். இந்தக் கட்டடங்களுக்குக் கல் அறுத்தது தானும் தன் கூட்டாளிகளும்தான் என்றும், கட்டி முடித்தபின் அவற்றுக்குள் நுழையத் தங்களுக்கே கூச்சமாகப் போய்விட்டது என்றும் சொல்கிறார். அமெரிக்கப் படங்களில் வர்க்கத்தைப் பற்றி இவ்வளவு சாதாரணமாகப் பேசிய காட்சி அதிகம் இல்லை.

படம் உண்மையை ஓர் இடத்தில் மீறுகிறது. நிஜத்தில் ஊர்ப் பையன்கள் இந்தப் பந்தயத்தில் ஓட்ட முடியாது. பல்கலைக்கழகத்தின் இளங்கலை மாணவர்களுக்கு மட்டும்தான் இடம். "நானே ஓட்ட முடியாது மாமா, முதுகலைன்னா கிடையாது" என்றாள் நண்பரின் மகள். 1984இல், கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட மாணவர் சங்கங்களில் சேராத மாணவர்கள் சிலர் படத்திலிருந்து பெயரை எடுத்துக்கொண்டு 'கட்டர்ஸ்' அணியை உண்டாக்கினார்கள். அதன்பின் அதிகமாக வென்ற அணிகளில் அதுவும் ஒன்று. ஆக, கல்லறுப்பவர்களின் பெயரில் பட்டப்படிப்பு மாணவர்கள் ஓட்டுகிறார்கள். அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் ஊலிட்டிக் பள்ளத்தைப் பார்த்துவிட்டு வந்த அன்று அந்தச் சட்டையைப் பார்த்தபோது மனது கொஞ்சம் நெருடியது. படம் எடுத்த பழைய மைதானமும் இப்போது இல்லை. 1981இல் பந்தயம் இப்போதைய இடத்துக்கு மாறியது; பழையதை இடித்து மரப்பூங்கா ஆக்கிவிட்டார்கள்.

பகலில் ஊரே குடித்திருந்தது. கிர்க்வுட் தெருவில் காலை பத்து மணிக்கே வரிசை. வீட்டு முற்றங்களில் ஒலிபெருக்கி, சிவப்புப் பிளாஸ்டிக் குவளைகள். "இதுல பாதிப் பேர் ரேஸ் பக்கமே வரமாட்டாங்க" என்றாள் நண்பரின் மகள். அதையும் மீறி இருபதாயிரத்துக்குமேல் கூட்டம் சேரும் என்கிறார்கள். 2008 ஏப்ரலில் வேட்பாளர் ஒபாமாகூட ஓட்டுக் கேட்டு இந்தப் பந்தயத்துக்கு வந்திருக்கிறார்.

ஆண்கள் பந்தயத்தில் முதல் சில சுற்றுகள் ஒரு காரின் பின்னால் அணிவகுப்பாகப் போனார்கள். கார் விலகியதும் பச்சைக் கொடி. முதல் ஐம்பது சுற்றில் பெரிதாக ஒன்றும் நடக்காது என்று எச்சரித்திருந்தார்கள். எதுவும் நடக்கவும் இல்லை. மஞ்சள் கொடி விழும், யாரோ எழுந்து தூசி தட்டுவார்கள், முந்திச்செல்லத் தடை, மறுபடி பச்சை. நூறைத் தாண்டியபின் கூட்டம் மெலியத் தொடங்கியது. நூற்றெண்பதில் முன்னால் ஆறு பேர்தான். ஒருவரும் காற்றை வாங்க விரும்பவில்லை. வேகம் திடீரென்று குறைந்து, ஆறு பேரும் ஒருவரை ஒருவர் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி, கோயில் தேர் நிலைக்கு வருவதுபோல ஊர்ந்தார்கள். நுரையீரல் வெடிக்க ஓட்டியவர்கள் அந்த நேரத்தில் மூளையால் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு கடைசி இரண்டு சுற்றில் எல்லோரும் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். கேலரி முழுக்க எழுந்து நின்றதால் எனக்கு முடிவுக்கோடே தெரியவில்லை. வென்றது யார் என்பதைச் சத்தம் வந்த திசையை வைத்துத்தான் அறிந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை விமான நிலையத்துக்குப் புறப்படுமுன் நாலாம் தெருவில் சாப்பிடப் போனோம். ஒரு தெருவுக்குள் திபெத், தாய்லாந்து, இந்தியா எல்லா நாட்டுச் சமையலும் அடுத்தடுத்து இருக்கும் தெரு அது. தலாய் லாமாவின் அண்ணன் இந்தப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். அந்தத் தொடர்பில் இங்கே திபெத்தியர்கள் உண்டு. சாப்பிடும்போது, பந்தயம் திரட்டும் உதவித்தொகை பற்றி நண்பரின் மகளிடம் விசாரித்தேன். தன் துறையிலேயே ஒரு பையனுக்கு அது கிடைத்திருக்கிறது என்றாள். விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் பாத்திரம் கழுவும் வேலை பார்க்கிறவனாம்.

"அப்போ அவனுக்கு ரேஸ்னா உயிரா இருக்குமே?"

"அவன் இன்னும் ஒரு ரேஸும் பார்த்ததில்ல மாமா. அன்னிக்குத்தான் அவனுக்கு எக்ஸ்ட்ரா ஷிஃப்ட்."